பாதி மலையில் ஒரு தோட்டம்... ஷாங்காய் சென்ஷான் தாவரவியல் பூங்காவில் ஒரு நாள்!

ஷாங்காய்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? ஆற்றங்கரையில் மின்னும் கட்டடங்கள், 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர், தண்டவாளத்தைத் தொடாமலே ஓடும் மேக்லெவ் ரயில்... இதெல்லாம் ரீல்ஸில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவை.

அதே நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில், சோங்ஜியாங் மாவட்டத்தில், ஒரு சின்ன மலை இருக்கிறது. பெயர் சென்ஷான். உயரம் சுமார் 70 மீட்டர்தான். அந்த மலையின் ஒரு பகுதியைக் காணோம். கல்லுக்காக வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சமிருந்த மலையையும், வெட்டிய குழியையும் நடுவில் வைத்து, 207 ஹெக்டேரில் ஒரு தாவரவியல் பூங்கா கட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 290 கால்பந்து மைதானங்கள் கொள்ளும் இடம்!

ஷாங்காய் போகிறவர்கள் ஒரு நாளை இதற்காக ஒதுக்கலாமா? தாராளமா ஒதுக்கலாம். பூக்களுக்காக மட்டும் இல்ல. வெட்டிச் சிதைத்த ஒரு மலையை என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. அதை நடந்தே பார்க்கலாம். வாங்க, உள்ளே போவோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்!

ஷாங்காயில் பெரிய தாவரவியல் பூங்காக்கள் ரெண்டு. 'ஷாங்காய் தாவரவியல் பூங்கா' என்பது ஷூஹுய் மாவட்டத்தில் இருக்கும் பழைய பூங்கா. பரப்பளவு 81 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். நாம் பேசுவது 'ஷாங்காய் சென்ஷான் தாவரவியல் பூங்கா'. இது புதுசு. 2010-ல், ஷாங்காயில் உலகக் கண்காட்சி நடந்த அதே வருஷம், சோதனை முறையில் திறந்து, 2011-ல் முறைப்படி திறந்தார்கள். ஷாங்காய் மாநகர அரசு, சீன அறிவியல் கழகம், சீன அரசின் வனத்துறை என மூன்று தரப்பும் சேர்ந்து உருவாக்கிய இடம்.

டாக்ஸியில் ஏறி வெறுமனே 'ஷாங்காய் பொட்டானிக்கல் கார்டன்' என்று சொன்னால், பழைய பூங்கா வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு. மேப்பில் தேடும்போதும் 'சென்ஷான்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்க.

தட்டை ஊரில் மலை என்றால்...

ஷாங்காய் ஆறு கொண்டுவந்த வண்டல் மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை தட்டையாகவே இருக்கும். சோங்ஜியாங் பக்கம் மட்டும் குட்டிக் குட்டிக் குன்றுகள் வரிசையாக எழுகின்றன. அவற்றில் பிரபலமானது ஷெஷான். அதன் உச்சியில் பெரிய தேவாலயமும், பழைய வானியல் ஆய்வகமும் உண்டு. ஷெஷானுக்குப் பக்கத்துக் குன்றுதான் நம்ம சென்ஷான்.

70 மீட்டர் உயரமெல்லாம் ஒரு மலையா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், மலையே இல்லாத ஊரில் 70 மீட்டரும் பெரிய சொத்து. அதே காரணத்தால்தான் அதற்கு ஆபத்தும் வந்தது. வண்டல் மண்ணில் கல் கிடைக்காது. நகரம் வளர வளரக் கட்டுமானத்துக்குக் கல் வேண்டும். பக்கத்தில் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய குன்றுகள். அப்புறம் என்ன, கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் சென்ஷானை வெடிவைத்து உடைத்தார்கள்.

குவாரி மூடப்பட்டபோது மிச்சம் இருந்தது, செங்குத்தாக நிற்கும் மொட்டைப் பாறைச் சுவர்களும், மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கிய ஆழமான குழியும். நமக்கும் தெரிந்த காட்சிதான். கல்குவாரி மூடின ஊர்கள்ல, 'அந்தப் பக்கம் போகாதே' என்று பிள்ளைகளை எச்சரிப்பார்களே, அந்த மாதிரி ஒரு குழி.

ஓர் எழுத்துக்குள் ஒரு பூங்கா

பூங்காவின் ஒட்டுமொத்த வடிவமைப்பை ஜெர்மனியைச் சேர்ந்த 'வாலென்டீன் + வாலென்டீன்' குழுவினர் செய்தார்கள். அவர்கள் பிடித்த ஐடியா ரொம்ப அழகு. சீன மொழியில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்து 'யுவான்'. அந்த எழுத்தைச் சுற்றி ஒரு கட்டம், அதாவது வேலி இருக்கும். பழைய வடிவத்தில், அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கோடுகளை மலை, நீர், செடிகொடி எனப் பார்க்கலாம். அந்த எழுத்தையே பூங்காவின் வரைபடமாக்கிவிட்டார்கள்.

கட்டத்தின் இடத்தில் இருப்பது மண் குவித்து எழுப்பிய ஒரு நீண்ட வளையம். பெயர் 'பசுமை வளையம்'. நீளம் 4.5 கிலோமீட்டர். அகலம் இடத்துக்கு இடம் 40-லிருந்து 200 மீட்டர். உயரம் சராசரியாக 6 மீட்டர். அதன்மேல் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா, ஓஷியானியா எனக் கண்டவாரியாக மரங்களை நட்டிருக்கிறார்கள். வளையத்துக்கு உள்ளே சென்ஷான் மலை, ஏரிகள், தனித்தனித் தோட்டங்கள்.

இது வெறும் அழகுக்காக இல்ல. தட்டை நிலத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி ஈரமாக இருக்கும். மேடு போட்டால் தண்ணீர் வடியும். வெயில் படும் சரிவு ஒரு பக்கம், நிழல் சரிவு மறுபக்கம் கிடைக்கும். வெவ்வேறு நாட்டு மரங்களுக்கு வெவ்வேறு மாதிரியான இடம் தயார். நுழைவுக் கட்டடம், கண்ணாடிக் குடில், ஆய்வு மையம் மூன்றையும் இந்த வளையத்துக்குள்ளேயே செருகிவிட்டதால், நடுவில் நின்று பார்த்தால் கட்டடம் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது.

குவாரிக்குள் இறங்குவோமா?

இந்தப் பூங்காவின் ஹீரோ, 'குவாரித் தோட்டம்'. சுமார் 4 ஹெக்டேர். வடிவமைத்தவர், பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பாளர் ஜூ யூஃபான்.

கைவிடப்பட்ட குவாரியை என்ன செய்யலாம்? எளிய வழி, குப்பையோ மண்ணோ கொட்டி மூடிவிடலாம். இல்லையென்றால், பாறைச் சுவரில் சிமென்ட் பூசி, கொடிகளைப் படரவிட்டு மறைக்கலாம். இங்கே இரண்டையும் செய்யவில்லை. பாறைச் சுவரைப் பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். மழையும் வெயிலும் அதைத் தேய்க்கட்டும், இடுக்கில் விழும் விதை தானாக முளைக்கட்டும் என்று விட்டுவிட்டு, மனிதர்கள் பாதுகாப்பாக உள்ளே போய் வர ஒரு பாதையை மட்டும் அமைத்தார்கள். 'போகாதே' என்று சொல்லப்பட்ட குழிக்குள் 'வாங்க' என்று கூப்பிடும் பாதை அது.

முதலில் வருவது மேல்தளம். மரங்கள், பூச்செடிகள், அமைதியான நீர்ப்பரப்பு. இதுவரைக்கும் சாதாரணப் பூங்கா மாதிரிதான் இருக்கும். அடுத்து, பாறை விளிம்பில் துருப்பிடித்த இரும்புக் குழாய் போன்ற ஒரு நடைபாதை. 'என்னப்பா, இவ்வளவு காசு செலவழிச்சுக் கட்டிட்டு பெயின்ட் அடிக்காம விட்டுட்டாங்களே'ன்னு தோணும். அது கார்ட்டன் ஸ்டீல். அதன் மேலே படியும் துருவே கவசமாக நின்று, உள்ளே உள்ள இரும்பைக் காப்பாற்றும். பெயின்ட் தேவையில்லை. இயந்திரங்கள் உழைத்த இடத்துக்கு அந்தத் துரு நிறம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதன் வழியே கீழே இறங்க இறங்க, பாறைச் சுவர் உங்களுக்கு மேலே உயர்ந்துகொண்டே போகும். அடியில், பச்சை நிறத்தில் ஆழமான குளம். அதன்மீது வளைந்து வளைந்து போகும் மிதக்கும் மரப்பாலம். ஒரு பக்கம் பாறை உச்சியிலிருந்து அருவி கொட்டுகிறது. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால்தான், மனிதர்கள் எவ்வளவு மலையைத் தின்று தீர்த்திருக்கிறார்கள் என்பது புரியும். மூடி மறைத்திருந்தால் இது புரிந்திருக்காது.

பாலம் முடியும் இடத்தில், மலையைக் குடைந்து போகும் ஒரு சுரங்கப்பாதை. இருட்டுக்குள் நடந்து மறுபக்கம் வெளிச்சத்துக்கு வரும்போது, சீனர்களுக்குச் சட்டென ஒரு கதை ஞாபகம் வரும். தாவோ யுவான்மிங் என்ற பழங்காலக் கவிஞர் எழுதிய 'பீச் மலர் ஊற்று'. ஒரு மீனவர் பூத்துக் குலுங்கும் பீச் மரங்களைத் தாண்டி, குறுகலான குகைக்குள் நுழைந்து, போரே தெரியாத நிம்மதியான ஒரு கிராமத்தைக் கண்டுபிடிக்கும் கதை. திரும்பிப்போய்த் தேடினால் அந்தக் கிராமம் கிடைக்காது. அந்தக் கதையை மனதில் வைத்துத்தான் இந்தப் பாதையை அமைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க லேண்ட்ஸ்கேப் கலைஞர்கள் சங்கம் 2012-ல் இந்தத் தோட்டத்துக்குக் கௌரவ விருது கொடுத்தது. சென்ஷானில் கல் எடுத்த இன்னொரு குழியையும் வீணாக்கவில்லை. பாறைத் தாவரங்களுக்கும் மூலிகைகளுக்குமான தோட்டமாக மாற்றிவிட்டார்கள்.

மூன்று கண்ணாடி உலகங்கள்

வெளியே குளிரோ மழையோ இருந்தால், நேராகக் கண்ணாடிக் குடில்களுக்குப் போய்விடுங்க. மொத்தம் மூன்று. சேர்த்து 12,608 சதுர மீட்டர்.

முதலாவது, வெப்பமண்டலப் பூ, பழக் குடில். மூன்றில் இதுதான் பெரிசு. உண்மையைச் சொல்லணும்னா, நமக்கு இதில் பெரிய ஆச்சர்யம் இருக்காது. நம்ம ஊர் வேலியோரத்தில் சும்மா வளரும் ரகங்களைச் சுற்றி நின்று உள்ளூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் ஊர், பாவம்! ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது, பாலைவனத் தாவரங்களின் குடில். கள்ளி, கற்றாழை, நீலக்கற்றாழை எனத் தண்ணீரைச் சேமித்து வைத்து வாழும் செடிகளின் உலகம். ஒரே பிரச்னைக்கு எத்தனை விதமான தீர்வுகள் என்று பார்க்க இது நல்ல இடம். ஒன்று இலையை முள்ளாக்கிக்கொண்டது, இன்னொன்று தண்டையே தண்ணீர்த் தொட்டியாக்கிக்கொண்டது.

மூன்றாவது, அரிய தாவரங்களின் குடில். டைனோசர் காலத்திலேயே இருந்த சைகஸ் குடும்பங்கள், பூச்சி தின்னும் தாவரங்கள், பெரணிகள். நேரம் குறைவு என்றால், முதல் குடிலில் மிச்சம் பிடித்து இங்கே செலவழியுங்க.

பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிஞ்சா போதும்!

பார்க்குக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்கில் மரம் நிழலுக்கு. தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பதிவு உண்டு. என்ன இனம், எங்கிருந்து வந்தது, எப்போது நட்டது என எல்லாம் ஆவணத்தில் இருக்கும். காட்டில் அந்த இனம் அழிந்தால்கூட, இங்கே இருப்பதிலிருந்து திரும்பக் கொண்டுபோக முடியும்.

சீன எழுத்து தெரியவில்லையே என்று கவலைப்படாதீங்க. பலகையில் லத்தீன் பெயர் இருக்கும். அது உலகம் முழுக்க ஒன்றுதான். ஏரிப் பக்கம் போய் 'நெலும்போ நூசிஃபெரா' என்ற பலகையைப் பாருங்க. அது வேறொன்றும் இல்ல, நம்ம தாமரை! சீனாவிலும் இந்தியாவிலும் ஒரே இனம். நாம் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம், அவர்கள் கிழங்கைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கோடையில் அதே நீர்த்தோட்டங்களில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா அல்லியின் ராட்சத இலைகளும் விரிந்து கிடக்கும். ஒரு சின்னக் குழந்தையைத் தாங்கும் அளவுக்கு அந்த இலைக்கு வலு உண்டு. இலையைத் திருப்பிப் பார்த்தால் கூரைச் சட்டம் மாதிரி தடித்த நரம்புகள் தெரியும். ரகசியம் அதுதான்.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்க: 'மெட்டாசிக்கோயா'. ஷாங்காய்ப் பக்கம் தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் பரவலாக நிற்கும் நெட்டை மரம். 1941-ல் ஒரு ஜப்பானிய அறிஞர் இதைக் கல்லாகிப்போன படிவங்களை வைத்து மட்டுமே விவரித்தார். எப்போதோ அழிந்த மரம் என்றுதான் நினைத்தார்கள். அதே பத்தாண்டில் மத்திய சீனாவின் ஒரு பள்ளத்தாக்கில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது! 1948-ல் ஹு ஷியான்சு, செங் வான்ஜுன் என்ற சீனத் தாவரவியலாளர்கள் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். இன்று உலகம் முழுக்கத் தோட்டங்களில் வளர்கிறது. அழிவின் விளிம்பிலிருந்து ஒரு மரத்தை இழுத்துக்கொண்டு வருவதற்குத் தாவரவியல் பூங்காக்கள் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சென்ஷானிலும் ஆய்வு நடக்கிறது. சீன மருத்துவத்தில் 'ஹுவாங்ச்சின்' என்று அழைக்கப்படும் மூலிகையின் மரபணுத் தொகுப்பை, பிரிட்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து படித்து 2019-ல் வெளியிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் பார்க்கும் பூக்களுக்குப் பின்னால் இப்படி ஓர் ஆய்வகமும் இயங்குகிறது.

இன்னும் இரண்டு இடங்களைத் தவறவிட வேண்டாம். ஒன்று, குழந்தைகளுக்கான தோட்டம். மற்றொன்று, பார்வையற்றோருக்கான தோட்டம். தொட்டும் முகர்ந்தும் செடிகளை அறியலாம், பலகைகளில் பிரெய்ல் எழுத்து உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் அங்கே நடந்து பாருங்க. இதுவரை செடிகளைப் போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது புரியும்.

எப்போது போகலாம்?

* மார்ச் கடைசி, ஏப்ரல்: செர்ரிப் பூக்களின் காலம். அழகும் உச்சம், கூட்டமும் உச்சம்.
* ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம்: 'பிளம் மழை' காலம். நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். குடை அவசியம்.
* ஜூலை, ஆகஸ்ட்: தாமரையும் அல்லியும் பார்க்கலாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும், புழுக்கமும் சேரும். காலையிலேயே முடித்துக்கொள்ளுங்க.
* அக்டோபர், நவம்பர்: நடக்க மிக இதமான மாதங்கள். நவம்பர் கடைசியில் மெட்டாசிக்கோயா இலைகள் செங்காவி நிறமாக மாறும்.
* தவிர்க்க வேண்டியவை: மே தின விடுமுறை, அக்டோபர் முதல் வாரத் தேசிய தின விடுமுறை. மொத்தச் சீனாவும் ஊர் சுற்றக் கிளம்பும்.

போவது எப்படி? கையில் என்ன வேண்டும்?

* விசா: இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் என்றால் 30 நாள்கள் வரை விசா தேவையில்லை. விதிகள் மாறலாம், டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்க.
* பயணம்: நகர மையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ 9-வது தடத்தில் துங்ஜிங் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. போக மட்டும் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்க.
* டிக்கெட்: 60 யுவான் அளவில். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.
* பணம்: அலிபே, வீசாட் பே செயலிகளில் நம்ம விசா, மாஸ்டர் கார்டுகளை இணைக்கலாம். ஊரிலேயே இணைத்துவிட்டுக் கிளம்புங்க. அங்கே போய் ஓடிபிக்காகக் காத்திருப்பது கொடுமை.
* இன்டர்நெட்: உள்ளூர் வைஃபையில் கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டா எதுவும் திறக்காது. ரோமிங் அல்லது டிராவல் இசிம் பெரும்பாலும் கைகொடுக்கும். வழி பார்க்க ஆமேப் செயலி நல்லது.
* சாப்பாடு: சைவம் என்றால் பிஸ்கட், பழம், நட்ஸ் பையில் இருக்கட்டும். 'வோ ச்சி சு' என்றால் 'நான் சைவம்', 'பு யாவ் ரோ' என்றால் 'இறைச்சி வேண்டாம்'. போனில் எழுதிக் காட்டுவது இன்னும் பாதுகாப்பு.
* நடை: நல்ல ஷூ கட்டாயம். கால் வலித்தால் உள்ளே சுற்றிக்காட்டும் வண்டி உண்டு.

ஒரு சின்ன ஐடியா: வாசல் திறந்ததும் முதலில் குவாரித் தோட்டத்துக்குப் போயிடுங்க. பாதை குறுகல் என்பதால் கூட்டம் சேர்ந்தால் நின்று ரசிக்க முடியாது. அடுத்து மூலிகைத் தோட்டம், மதியம் கண்ணாடிக் குடில், வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை. இந்த வரிசை சரியாக வரும்.

குழியை என்ன செய்யலாம்?

சோங்ஜியாங்கிலேயே இன்னொரு குவாரியும் இருக்கிறது. 88 மீட்டர் ஆழமான அந்தக் குழிக்குள் 2018-ல் ஒரு சொகுசு ஓட்டல் திறந்தார்கள். தண்ணீருக்கு அடியிலும் அறைகள் உண்டு. அதுவும் ஒரு பதில்தான். ஆனால், காசு இருக்கிறவர்களுக்கான பதில். சென்ஷான், டிக்கெட் எடுத்த எல்லோரையும் குழிக்குள் கூட்டிக்கொண்டு போகிறது.

இரண்டிலும் ஒன்று மாறவில்லை. போன மலை திரும்பி வரவில்லை. எவ்வளவு செடி நட்டாலும் வெட்டிய பாறை வளராது. சென்ஷான் அதை ஒளிக்கவில்லை என்பதுதான் அதன் மரியாதை. 'இவ்வளவு எடுத்திருக்கிறோம்' என்று காட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு விதை முளைக்க இடம் விடுகிறது.

போய்ட்டு வந்தா உங்க கேலரியில் நூறு பூ போட்டோ இருக்கும். அதில் ஒன்றாவது அந்த மொட்டைப் பாறைச் சுவராக இருக்கட்டும். அடுத்த முறை ஊருக்கு வெளியே, பஸ் ஜன்னல் வழியாக ஒரு பழைய கல்குவாரியைப் பார்க்கும்போது, அந்தப் போட்டோவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.